ஆறு பேர் குடியிருக்கும் வீட்டின் வரைபடம்: ஒப்புதல் தரும் முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

புதுமனை எழுதியது:

வணக்கம். நானும் மனைவியும், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபதைக் கடந்த என் அப்பா அம்மா என ஆறு பேர் சேர்ந்து குடியிருக்கப் போகும் வீட்டுக்கு முதல் வரைபடம் கைக்கு வந்திருக்கிறது. வெளிச்சுவரோடு சேர்த்து அளந்தால் முன்பக்கம் 30 அடி, ஆழம் 40 அடி. தெரு கிழக்கே இருக்கிறது. தரைத்தளம் முழுதாகவும் மாடி ஏறக்குறைய பாதியளவும் வருகின்றன. தளத்துக்குத் தளம் உயரம் 10 அடி 6 அங்குலம்.

படத்தைச் சொல்லால் விளக்குகிறேன். முன்பக்கத்தில் தெற்கே பெற்றோரின் படுக்கையறை, வடக்கே 17 அடிக்கு 14 அடி ஹால். ஹாலின் முன்சுவர் நடுவில் தலைவாசல். அதற்கு நேர் எதிரே, பின்சுவர் நடுவில், சாப்பாட்டு இடத்துக்குச் செல்லும் அகலமான திறப்பு. பெற்றோர் அறையின் கதவு ஹாலின் பக்கச்சுவர் நடுவில் இருக்கிறது. ஹாலின் பின்மூலையிலிருந்து மாடிப்படி தொடங்குகிறது. அதற்கு 6 அடிக்கு 8 அடி ஒதுக்கி, படியின் அடியில் பொதுக் கழிவறை காட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டு இடத்துக்குப் பின்னால் வடமேற்கு மூலையில் சமையலறை. பெற்றோர் அறையை ஒட்டி அவர்களுக்கான குளியலறை, அதற்கும் பின்னால் நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாள்களுக்கு ஒரு சிறு அறை. மாடியில் இரண்டு படுக்கையறைகள், இரண்டுக்கும் தனித்தனிக் குளியலறைகள். பிள்ளைகளின் அறை 10 அடிக்கு 10 அடி.

படத்தைப் பார்க்கும்போது எல்லாம் இருப்பது போலத்தான் தோன்றுகிறது. ஆனால் கட்டி முடித்த பிறகு "இந்தக் கதவை அங்கே வைத்திருக்கலாமே" என்று வருந்துகிற பலரை நான் பார்த்திருக்கிறேன். அறையின் அளவு போதுமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஹாலையும் சாப்பாட்டு இடத்தையும் சுவர் வைத்துப் பிரிக்க வேண்டுமா? வரைபடத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

வரைபலகை எழுதியது:

நீங்கள் இத்தனை தெளிவாக விவரித்திருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. என் தொழில் வீடுகளுக்கு வரைபடம் போடுவது. ஒரு வீடு வசதியாக இருக்குமா என்பதை அறைகளின் எண்ணிக்கையும் பரப்பளவும் தீர்மானிப்பதைவிட, கதவுகள் எங்கே இருக்கின்றன, அவற்றுக்கிடையே மனிதர்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே முதலில் உங்கள் படத்தின் நகல் ஒன்றை எடுத்து, ஒரு பென்சிலால், தலைவாசலிலிருந்து சமையலறைக்கு, பெற்றோர் அறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு, ஹாலிலிருந்து மாடிக்கு என்று அன்றாடம் நடக்கும் எல்லா வழிகளையும் கோடாக இழுத்துப் பாருங்கள்.

உங்கள் ஹாலில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று இப்போதே சொல்லிவிடலாம். தலைவாசலும் பின்திறப்பும் நேருக்கு நேர் நடுவில் இருப்பதால், மூன்றரை அடி அகல நடைவழி ஒன்று ஹாலை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும். 17 அடியில் அதைக் கழித்தால் இரு பக்கமும் ஆறே முக்கால் அடிதான் மிஞ்சும். மூன்று அடி ஆழமுள்ள சோபாவைப் போட்ட பிறகு, அதன் முன்னால் ஒரு சிறு மேசைக்கும் கால் நீட்டுவதற்கும் மூன்றே முக்கால் அடி. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரோடு பேசினால் நடுவே ஆள்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். தெற்குப் பக்கத்தில் பெற்றோர் அறையின் கதவு சுவரின் நடுவில் இருப்பதால் அந்தப் பக்கம் சோபா போடவும் முடியாது. படத்தில் பெரிதாகத் தெரியும் ஹால், குடியேறிய பிறகு ஒரு பெரிய நடைவழியாகிவிடும்.

இதற்கு ஒரு சதுர அடிகூடக் கூட்டாமல் தீர்வு இருக்கிறது. தலைவாசலை முன்சுவரின் தெற்கு ஓரத்துக்கு நகர்த்துங்கள். பின்திறப்பையும் அதே தெற்கு ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். பெற்றோர் அறையின் கதவைப் பக்கச்சுவரின் பின்கோடிக்குத் தள்ளுங்கள். அப்போது எல்லா நடமாட்டமும் பெற்றோர் அறைச் சுவரை ஒட்டிய ஒரே மூன்றரை அடிப் பாதையில் அடங்கிவிடும். அதற்கு வடக்கே 13 அடி 6 அங்குலத்துக்கு 14 அடி என்று யாரும் குறுக்கே நடக்காத ஒரு முழு இருக்கையிடம் கிடைக்கும். மாடிப்படி ஹாலிலிருந்து தொடங்குவதையும் மாற்றிச் சாப்பாட்டு இடத்திலிருந்து ஏறும்படி செய்தால்தான் இது முழுமையாகும்.

அடுத்து அறை அளவு. படத்தில் எழுதியுள்ள எண் சுவரின் மையத்திலிருந்து மையத்துக்கா, சுவரின் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கா என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைகளின் அறை மையத்துக்கு மையம் 10 அடி என்று வைத்துக்கொண்டால், 9 அங்குல வெளிச்சுவரில் பாதியும் நாலரை அங்குல உள்சுவரில் பாதியும் பூச்சும் போக, உள்ளே ஏறக்குறைய 9 அடி 4 அங்குலம்தான் இருக்கும். மூன்றடி அகலக் கட்டில்கள் இரண்டைப் போட்டு, நடுவில் மூன்றடி விட்டால் 9 அடி. அகலவாட்டில் சரியாக அமைகிறது. நீளவாட்டில் கட்டிலுக்கு ஆறரை அடியும் அலமாரிக்கு இரண்டடியும் போனால் மிச்சம் 10 அங்குலம். அலமாரிக் கதவைத் திறக்கவே இரண்டடிக்கு மேல் வேண்டும். படிக்கும் மேசைக்கு இடமே இல்லை. அதனால் இந்த அறை ஒரு வாட்டத்திலாவது உள்ளளவு 12 அடியாக நீள வேண்டும்.

இருவர் படுக்கும் 6 அடிக்கு ஆறரை அடிக் கட்டில் போடும் அறைக்கும் இதே கணக்குத்தான். கட்டிலின் இரு பக்கமும் இரண்டரை அடி விட்டால் அகலம் 11 அடி. கட்டில் நீளம் ஆறரை, கால்மாட்டில் நடக்க மூன்று, அலமாரிக்கு இரண்டு என்று சேர்த்தால் நீளம் பதினொன்றரை அடி. இவை உள்ளளவுகள். இதைவிடக் குறைந்தால் கட்டிலைச் சுவரோடு ஒட்டித்தான் போட வேண்டியிருக்கும். உள்பக்கம் படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் எழுந்து வர வேண்டும்.

இன்னொன்று, உங்கள் படத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது. சாப்பாட்டு இடத்தின் நான்கு பக்கமும் வேறு அறைகளே இருக்கின்றன. அதற்கு ஒரு வெளிச்சுவர்கூட இல்லை. பகலிலும் அங்கே விளக்குப் போட வேண்டிவரும். அதை ஒட்டி வடக்குப் பக்கம் மாடிப்படி வருவதால், அந்தப் படியையே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் பயன்படுத்துங்கள். படிக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவில் சுவர் எழுப்பாமல் கைப்பிடிக் கம்பி மட்டும் வையுங்கள். படியின் வடக்கு வெளிச்சுவரில், படி நடுவில் திரும்பும் மேடைக்கு மேலே, உயரமான ஜன்னல் ஒன்று வரட்டும். மாடியில் படிக்கூண்டின் உச்சியில் திறந்து மூடக்கூடிய காற்றுத்திறப்புகள் இருந்தால், சூடான காற்று மேலே எழுந்து அதன் வழியே வெளியேற, கீழேயுள்ள ஜன்னல்களின் வழியே புதிய காற்று உள்ளே வரும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வைக்க முடியாத நடுப்பகுதிகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

களப்பொறியாளர் எழுதியது:

வரைபலகை சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். கட்டும் இடத்தில் நிற்பவன் என்ற முறையில், படியையும் தண்ணீர்க் குழாய்களையும் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் இவை இரண்டும் கான்கிரீட் போட்ட பிறகு திருத்தவே முடியாதவை.

தளத்துக்குத் தளம் 10 அடி 6 அங்குலம் என்றால் 126 அங்குலம். ஒரு படியின் உயரம் 7 அங்குலம் என்று கொண்டால் 18 ஏற்றங்கள். நடுவில் திரும்பும் படியாதலால் பக்கத்துக்கு 9 ஏற்றம். ஒன்பதாவது ஏற்றம் மேடையில் போய் முடிவதால், கால் வைக்கும் படிகள் பக்கத்துக்கு 8. உங்களுக்குக் கொடுத்திருக்கும் 8 அடி நீளத்தில் மேடைக்கு 3 அடி போக மீதி 5 அடி, அதாவது 60 அங்குலம். அதை எட்டால் வகுத்தால் ஒரு படிக்குக் கிடைப்பது ஏழரை அங்குல அகலம். பெரியவர்களின் பாதம் இதில் முழுதாகப் பதியாது. இறங்கும்போது குதிகால் மட்டும் படியில் நிற்க, முன்பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வயதானவர்களும் சிறுபிள்ளைகளும் உள்ள வீட்டில் இதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

குறைந்தது 10 அங்குல அகலம் வேண்டும். ஏற்றத்தை இரு மடங்காக்கி, அதோடு படியின் அகலத்தைக் கூட்டினால் 24 முதல் 25 அங்குலத்துக்குள் வரவேண்டும் என்பது நீண்ட காலமாகக் கட்டடக்காரர்கள் கையாளும் கணக்கு. 7 அங்குல ஏற்றமும் 10 அங்குல அகலமும் சரியாக 24 அங்குலம் தருகின்றன. அப்போது எட்டுப் படிக்கு 6 அடி 8 அங்குலம், மேடைக்கு 3 அடி, மொத்தம் 9 அடி 8 அங்குல நீளம். மூன்றடி அகலத்தில் இரண்டு வரிசையும் இடைவெளியும் சேர்த்து ஆறரை அடி அகலம். ஏறத் தொடங்கும் இடத்தில் நிற்க இன்னொரு 3 அடி. ஆக, 12 அடி 8 அங்குலம் படிக்கென்று போய்விடும். இது அதிகம் போலத் தோன்றினாலும், படிக்கு இடம் குறைத்துவிட்டுப் பிறகு ஆண்டுக்கணக்கில் அச்சத்தோடு ஏறி இறங்குவதைவிட இதுவே மேல். எல்லாப் படிகளின் உயரமும் ஒன்றாக இருக்கிறதா என்று தரை ஓடு பதித்த பிறகும் அளந்து பாருங்கள். முதல் படியும் கடைசிப் படியும்தான் பெரும்பாலும் மாறிப்போகும், கால் தடுக்குவதும் அங்கேதான்.

இப்போது படியடிக் கழிவறைக்கு வருகிறேன். மேடை தரையிலிருந்து 63 அங்குல உயரத்தில், அதாவது 5 அடி 3 அங்குலத்தில் இருக்கும். அதன் கான்கிரீட் பருமன் 6 அங்குலம் போனால் அடியில் 4 அடி 9 அங்குலம். அந்த இடத்தில் ஒருவர் நிமிர்ந்து நிற்கவே முடியாது. கழிவறைத் தரையைப் பள்ளமாக்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தரையை இறக்கினால் கழிவுக்குழாயும் அதோடு இறங்கி, வெளியே உள்ள தொட்டியோடு மட்டம் சேராமல் போகும். அந்த இடத்தைப் பொருள் வைக்கும் அறையாக்கிவிட்டு, கழிவறையைப் பெற்றோரின் குளியலறையை ஒட்டிக் கொண்டுபோங்கள். இரண்டுக்கும் ஒரே ஈரச்சுவர், அதாவது தண்ணீர்க் குழாய்கள் ஓடும் சுவர், போதும்.

மாடியில் ஒரு குளியலறையாவது சாப்பாட்டு இடத்துக்கு நேர் மேலே வருகிறதா என்று பாருங்கள். நீங்கள் விவரித்த அமைப்பில் அப்படி வருவதற்கே வாய்ப்பு அதிகம். 4 அங்குலக் கழிவுக்குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி என்ற சரிவு கொடுப்பது வழக்கம். 10 அடி தூரம் கிடைமட்டமாகக் கொண்டுபோனால் 3 அங்குலம் இறங்கும், வளைவுகளில் அடைப்பும் வரும். அதோடு என்றாவது கசிந்தால் ஈரம் சாப்பாட்டு மேசைக்கு மேலே உள்ள கூரையில் தெரியும். மாடியின் இரண்டு குளியலறைகளையும் முதுகோடு முதுகு சேர்த்து, கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே கொண்டுவந்துவிட்டால் எல்லாக் குழாய்களும் ஒரே தடத்தில் செங்குத்தாக இறங்கிவிடும். அந்தத் தடத்துக்குள் ஓர் ஆள் நின்று வேலை பார்க்கும் அளவு இடமும், கீழே ஒரு சிறு கதவும் விட்டுவையுங்கள். உள்ளே அமையும் பொதுக் கழிவறையின் காற்றுப்போக்கிக்கும் அதுவே வழியாகும்.

துணைக்கரம் எழுதியது:

படுக்கையோடு இருந்த என் தந்தையைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் நான். பெற்றோர் இப்போது நன்றாக நடமாடுகிறார்கள் என்பதற்காக இந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடாதீர்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்குத் தரைத்தளத்தில் அறை ஒதுக்கியிருப்பது மிக நல்ல முடிவு. ஆனால் அந்த அறையின் வசதியை உண்மையில் தீர்மானிப்பது குளியலறையின் கதவுதான்.

பெரும்பாலான வீடுகளில் குளியலறைக்குத்தான் வீட்டிலேயே குறுகலான கதவை வைக்கிறார்கள். சக்கர நாற்காலி நுழைவதற்குக் கதவு திறந்த நிலையில் தடையில்லாத இடைவெளி 32 அங்குலமாவது வேண்டும். நிலையின் கனமும் கதவின் கனமும் போக இது கிடைக்க, சுவரில் மூன்றடிக்கு மேல் திறப்பு விட வேண்டியிருக்கும். நாற்காலி ஒரே இடத்தில் முழுதாகத் திரும்ப 5 அடி விட்டமுள்ள வெற்றிடம் தேவை. உங்களிடம் அந்தப் பக்கத்தில் 11 அடி அகலம் இருப்பதாகத் தெரிகிறது. அதில் 7 அடிக்கு 7 அடியைப் பெற்றோரின் குளியலறைக்கும், எஞ்சிய மூன்றரை அடி அகலத்தைப் பொதுக் கழிவறைக்கும் கொடுக்கலாம். 7 அடிச் சதுரத்தில் கழிப்பிடத்தையும் கைகழுவும் தொட்டியையும் ஒரே சுவரோடு ஒட்டி, குளிக்கும் இடத்தைத் தடுப்பில்லாமல் சரிவான தரையாக விட்டால் நாற்காலி திரும்ப முடியும்.

கதவு உள்நோக்கித் திறக்கவே கூடாது. உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவின் பின்னால் கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. அவரை நகர்த்தாமல் உதவ முடியாது, உதவாமல் நகர்த்தவும் முடியாது. வெளிநோக்கித் திறக்கும் கதவோ, சுவரை ஒட்டி நகரும் கதவோ வையுங்கள். வாசலில் உயரமான நிலைப்படி வேண்டாம்; தண்ணீர் அறைக்குள் வராமலிருக்க உள்தரையைச் சரிவாக்கினால் போதும். கைப்பிடிக் கம்பிகளை இன்றே பொருத்தாவிட்டாலும், அவை வரப்போகும் இடங்களில் சுவரை உறுதியாகக் கட்டச் சொல்லுங்கள். உள்ளே வெற்றிடமுள்ள மெல்லிய தடுப்பில் பிறகு கம்பி பொருத்தினால் ஒரு முழு மனிதரின் எடையை அது தாங்காது.

எல்லோரும், எந்த வயதிலும், எந்த உடல்நிலையிலும் தனியாக மாற்றம் செய்யாமல் பயன்படுத்தக்கூடிய வடிவமைப்பு என்ற கருத்தை முன்வைத்தவர் ரொனால்ட் மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அகலமான கதவும் மேடு இல்லாத வாசலும் முதியவருக்கு மட்டும் உதவுபவை அல்ல. குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவருபவருக்கும், கனமான அலமாரியை உள்ளே தூக்கிவருபவருக்கும், காலில் கட்டுப்போட்டுக்கொண்டு சில வாரம் நடக்கும் பிள்ளைக்கும் அவையே உதவுகின்றன.

இன்னும் ஒன்று. பெற்றோர் அறையின் கிழக்குச் சுவர் தெருவைப் பார்த்திருப்பதால், அங்கே ஜன்னலின் கீழ்விளிம்பைத் தரையிலிருந்து இரண்டரை அடிக்கு மேல் போகாமல் வையுங்கள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே வெளியே யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்க்க முடிவது, நடமாட்டம் குறைந்த ஒருவருக்கு எத்தனை பெரிய ஆறுதல் என்பதை நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன்.

அடுப்படி எழுதியது:

சமையலறையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். பெரிய சமையலறைதான் நல்லது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 1926 இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறை ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் மட்டுமே கொண்டது. சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார், எதை எடுக்க எங்கே திரும்புகிறார் என்று ஆராய்ந்து அமைத்ததால் அந்தச் சிறிய இடமே போதுமானதாயிற்று. பிறகு 1940களில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவான கணக்கும் இதே நோக்கம் கொண்டதுதான்: அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி ஆகிய மூன்றையும் இணைத்து முக்கோணம் வரைந்தால், ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள்ளும், மூன்றும் சேர்ந்து 26 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இருவர் ஒரே நேரத்தில் சமைக்க வாய்ப்பிருப்பதால், மேடைக்கும் எதிர்ச்சுவர் அலமாரிக்கும் இடையே 4 அடி விடுங்கள். ஒருவர் அடுப்பின் முன் நிற்கும்போது மற்றவர் இடிக்காமல் பின்னால் போகலாம். தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவில் மூன்றடியாவது வெற்று மேடை இருக்கட்டும். கழுவி, நறுக்கி, அடுப்பில் இடும் வேலை அத்தனையும் அந்த மூன்றடியில்தான் நடக்கிறது. மேடையின் உயரம் பொதுவாக 34 முதல் 36 அங்குலம் என்றாலும், அதிக நேரம் சமைப்பவரை நிற்கவைத்து, மடக்கிய முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே வருமாறு அமைப்பதே முறை. உங்கள் அம்மாவும் மனைவியும் நீங்களும் மாறி மாறிச் சமைப்பதாக இருந்தால், மேடையில் ஒரு பகுதியை 3 அங்குலம் தாழ்த்திக்கொள்ளலாம். அங்கே உட்கார்ந்தும் வேலை செய்யலாம்.

சமையலறை வடமேற்கு மூலையில் இருக்கிறது. பிற்பகல் வெயில் தாழ்ந்து சாய்வாக வருவதால் மேற்கு ஜன்னலுக்கு மேலே நீட்டும் வெயில்தடுப்பு அதை அவ்வளவாகத் தடுக்காது. ஆகவே மேற்குச் சுவரில் உயரமான அலமாரிகளை வைத்து, பெரிய ஜன்னலை வடக்குச் சுவரில் திறங்கள். துணி துவைக்கும் இயந்திரம் உங்கள் விவரிப்பில் எங்குமே வரவில்லை. அதற்குச் சமையலறையை ஒட்டித் தெற்கே, மேற்கு வெளிச்சுவரோடு, தனிப் பணியிடம் ஒன்று ஒதுக்கி, கொல்லைக் கதவையும் அங்கேயே வையுங்கள். அந்தக் கதவு சமையலறை வழியாக இருந்தால், கொதிக்கும் பாத்திரத்தோடு திரும்புபவரின் முதுகுப்பக்கம் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள்.

சாளரம் எழுதியது:

ஒரே ஒரு மாற்றுக் கருத்து. மேலே சொன்ன அளவுகள் எல்லாம் சரியானவை. ஆனால் இன்றைய ஆறு பேரின் இன்றைய பழக்கத்துக்கு மட்டும் அங்குலம் அங்குலமாகப் பொருத்திவிட்டால், பத்தாண்டில் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அதே பொருத்தம் தடையாகலாம். மாடியில் ஒரு பெரிய அறை, ஒரு சிறிய அறை என்று வைப்பதைவிட இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்தால், யார் வேண்டுமானாலும் எந்த அறைக்கும் மாறிக்கொள்ளலாம். தூணும் உத்தரமும் எடை தாங்கும் கட்டடமாக இருந்தால் உள்சுவர்களைப் பிறகு எடுக்கவும் வைக்கவும் முடியும். செங்கல் சுவரே எடை தாங்குவதாக இருந்தால் முடியாது. உங்களுடையது எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாலுக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவில் சுவர் வேண்டுமா என்ற கேள்விக்கு: திறப்பை மட்டும் விட்டு மீதியைச் சுவராக்குங்கள். முழுதும் திறந்த அமைப்பு விசாலமாகத் தெரியும். ஆனால் தொலைக்காட்சிச் சத்தமும் பாத்திரச் சத்தமும் வீடெங்கும் பரவும். சீக்கிரம் தூங்கச் செல்லும் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது. உங்கள் வேலை அறை பின்கோடியில் இருப்பது இந்த வகையில் நல்லதே. அதன் கதவுக்கு நேர் எதிரே சமையலறைக் கதவு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுமனை எழுதியது:

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பென்சிலால் நடைவழிகளை வரைந்து பார்த்தபோது, வரைபலகை ஐயா சொன்னது அப்படியே தெரிந்தது. வரைந்தவரிடம் பேசிவிட்டேன். தலைவாசலும் பின்திறப்பும் தெற்கு ஓரத்துக்கு மாறுகின்றன. படி சாப்பாட்டு இடத்திலிருந்து ஏறி, 9 அடி 8 அங்குல நீளத்துக்கு வளர்கிறது. மாடிக் குளியலறைகளில் ஒன்று சாப்பாட்டு இடத்துக்கு மேலேதான் இருந்தது. இரண்டும் இப்போது ஒரே இடத்துக்கு வந்துவிட்டன.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. படிக்கு இடம் கொடுத்த பிறகு சாப்பாட்டு இடம் 10 அடிக்கு 12 அடி 8 அங்குலமாகச் சுருங்குகிறது. ஆறு பேருக்கு அது போதுமா? பொதுக் கழிவறையின் கதவு சாப்பாட்டு மேசையை நேராகப் பார்ப்பது எங்கள் எல்லோருக்குமே உறுத்தலாக இருக்கிறது. அதை எப்படித் தவிர்ப்பது?

வரைபலகை எழுதியது:

ஆறு பேருக்கான மேசை மூன்றடி அகலமும் ஐந்து முதல் ஆறடி நீளமும் இருக்கும். நாற்காலியை இழுத்து எழுந்திருக்கச் சுற்றிலும் இரண்டரை முதல் மூன்றடி தேவை. மேசையை நீளவாட்டில் படியின் பக்கமாகச் சற்றுத் தள்ளிப் போட்டு, தெற்கு ஓரமாகச் சமையலறைக்கும் வேலை அறைக்கும் போகும் பாதையை விட்டால், 10 அடி அகலம் போதும்: படிக் கைப்பிடிக்கும் மேசைக்கும் நடுவில் மூன்றடி, மேசை மூன்றடி, மறுபக்கம் நாற்காலிக்கும் நடைக்கும் சேர்த்து நான்கடி.

கழிவறைக்கு உங்களிடம் மூன்றரை அடி அகலமும் 7 அடி நீளமும் இருக்கின்றன. அதில் சாப்பாட்டு இடத்தை நோக்கிய முதல் இரண்டரை அடியைக் கதவில்லாத சிறு மாடமாக விட்டு, அங்கே கைகழுவும் தொட்டியை வையுங்கள். கழிவறைக் கதவு அந்த மாடத்தின் பக்கச்சுவரில் இருக்கட்டும். மேசையிலிருந்து பார்ப்பவருக்குத் தொட்டி மட்டுமே தெரியும். உள்ளே கழிவறைக்கு நான்கடிக்குச் சற்றுக் கூடுதலான நீளம் மிஞ்சும், அது போதும்.

திருத்திய படம் வந்ததும் அதில் சுவர்களின் உள்முக அளவுகள், ஒவ்வொரு கதவும் திறக்கும் வளைவு, கட்டில் முதல் துவைக்கும் இயந்திரம் வரை எல்லாப் பொருள்களும் அளவோடு வரையப்பட்டிருக்க வேண்டும் என்று கேளுங்கள். பிறகு அடித்தளம் தோண்டுவதற்கு முன், மனையிலேயே சுண்ணாம்புத் தூளால் தரைத்தளச் சுவர்களைக் கோடு போட்டு, பெற்றோர், பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் நடந்து பாருங்கள். திறந்த வெளியில் எந்த அறையும் உண்மையைவிடச் சிறியதாகவே தோன்றும். ஆகவே கண்ணால் மதிப்பிடாமல், நாலைந்து நாற்காலிகளையும், கட்டிலின் அளவுக்கு விரித்த துணியையும் உள்ளே வைத்து, அவற்றைச் சுற்றி நடந்துதான் முடிவுசெய்ய வேண்டும்.

மின்வசதிப் படத்தையும் இந்தப் பொருள்கள் வரைந்த படத்தின் மேலேயே போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பிளக்குகள் அலமாரிக்குப் பின்னால் மறைந்துவிடும். பெற்றோரின் கட்டில் தலைமாட்டிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் குளியலறை விளக்கின் சுவிட்சு ஒன்றும், மாடிப்படி விளக்குக்கு மேலும் கீழும் இரண்டிடங்களில் இயங்கும் சுவிட்சும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.